புயலின் நாற்காலியில் பதினோரு விநாடி

கம்பெனி வக்கீல் வந்து நல்ல செய்தி சொன்னபோது கூடத்தில் இருந்த அறுபது பேரும் கை தட்டினார்கள். நிதானமும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே வக்கீலுக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் ஒரு படம் வந்து நின்றது. மூடிய கதவின் முன்னால் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். தலையில் திருப்பிப் போட்ட நீலத் தொப்பி. கையில் பல்குத்தும் குச்சி தடிமனுக்கு ஒரு கம்பி. நிதானத்தின் கைகள் பாதித் தட்டலில் நின்றுவிட்டன. அந்தத் தொப்பியை அவளுக்குத் தெரியும்.

நிதானம் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை, ஆபீஸில் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் செய்த வேலைக்குக் கம்பெனி நீளமாக ஒரு பதவிப் பெயர் வைத்திருந்தது. முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் வாய் வலித்துவிடும். உண்மையில் வேலை இவ்வளவுதான். உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் அவரவர் மனதுக்கு வந்ததை அந்தச் சமூக வலைதளத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதைப் பார்த்து யாராவது புகார் செய்தால், அந்தப் புகார் இந்தக் கூடத்தில் ஏதாவது ஒரு திரையில் வந்து விழும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இரண்டு பொத்தான்களில் ஒன்றை அமுக்க வேண்டும். ஒன்று ‘நீக்கு’. இன்னொன்று ‘இருக்கட்டும்’. ஒரு நாளைக்கு இப்படி எண்ணூறு.

மற்றவர்கள் எண்ணூறைத் தாண்டும்போது இவள் அறுநூறில் நிற்பாள். வீடியோவைக் கடைசிவரை பார்ப்பாள், புகாரைக் கடைசி வரிவரை படிப்பாள், சில சமயம் திரும்பவும் முதலிலிருந்து பார்ப்பாள். மாதா மாதம் இதற்காகத் திட்டு வாங்குவாள். பக்கத்து நாற்காலிக்காரிதான் இவளுக்கு நிதானம் என்று பெயர் வைத்தாள். அதற்குப் பதிலாக இவள் அவளுக்குப் புயல் என்று வைத்தாள். புயல் ஒரு புகாருக்கு எடுத்துக்கொள்வது சராசரியாகப் பதினோரு விநாடி. கம்பெனிக்கு அவள் செல்லப்பிள்ளை. இரண்டு பெயர்களும் அப்படியே நிலைத்துவிட்டன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர்களுடைய நிஜப் பெயர் என்ன என்றே தெரியாது.

“பயப்பட ஒண்ணுமில்ல” என்றார் கம்பெனி வக்கீல். நல்ல மனிதர்தான். யாரையும் கடிந்து பேசமாட்டார், எல்லோருக்கும் காபி வரவழைத்திருந்தார். “ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது. இவர் பூட்டு திறக்கறவர். வீட்டுக்காரங்க சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டா இவரைக் கூப்பிடுவாங்க. அப்படி ஒரு வீட்டுல வேலை செஞ்சிட்டிருந்தப்ப எதிர்வீட்டுல இருந்து யாரோ வீடியோ எடுத்து, பட்டப்பகல் திருடன், எல்லாருக்கும் அனுப்புங்கன்னு போட்டுட்டாங்க. நாலு நாள் கழிச்சு வேற தெருவுல இவரை அடையாளம் கண்டு அடிச்சிட்டாங்க. வலது கையை மிதிச்சதுல மூணு விரல் மடங்கல. வருத்தமான விஷயம். இப்ப நம்ம மேல கேஸ் போட்டிருக்கார்.”

கூடத்தில் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள்.

“சட்டம் ரொம்ப சிம்பிள். யாரோ போட்டதுக்கு நாம பொறுப்பில்ல. அது பொய்யின்னு புகார் வந்து, நம்ம ஆள் ஒருத்தர் அதைப் பாத்து, பாத்தும் விட்டு வெச்சிருந்தாதான் பொறுப்பு. இவர் புகார் பண்ணியிருக்கார், உண்மை. அன்னைக்கு மத்தியானம் ரெண்டேகாலுக்கு அது இருநூத்திப் பதினாலாம் நம்பர் நாற்காலிக்கு வந்திருக்கு. ‘இருக்கட்டும்’னு பதிலும் போயிருக்கு. ஆனா அந்த நாற்காலிக்காரங்க அப்ப கட்டடத்துக்கு வெளியில இருந்தாங்க. வாசல் கார்டு சொல்லுது. சும்மா கிடந்த நாற்காலியில வந்த புகாரை மெஷினே மூடிடுச்சு. ஆக, அதை எந்த மனுஷனும் பாக்கல. மெஷின் பாத்தா பாத்ததா ஆகாது.”

மறுபடியும் கை தட்டினார்கள். தாங்கள் வேலை செய்யவில்லை என்று நிரூபணமானதற்குக் கை தட்டிய தொழிலாளர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருப்பார்கள்.

இருநூற்றிப் பதினாலு புயலின் நாற்காலி. அன்று அந்த நேரத்தில் அதில் உட்கார்ந்திருந்தது நிதானம்.

அதற்குப் பெயர் குடை பிடிப்பது. எழுதாத ஏற்பாடு. நாற்காலி மூன்று நிமிடம் சும்மா இருந்தால் கணக்கு தானாக மூடிக்கொள்ளும், மூடினால் அந்த மாத மதிப்பெண் சரியும். மனிதர்களுக்கோ வயிறு வலிக்கும், பிள்ளையின் பள்ளியிலிருந்து போன் வரும், சும்மாவாவது ஒரு மூலையில் நின்று அழத் தோன்றும். அப்போது பக்கத்திலிருப்பவர் தன் சாப்பாட்டு இடைவேளையை எழுதிவைத்துவிட்டு, சாப்பிடப் போகாமல், அந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து அவர் பெயரில் பொத்தான் அமுக்குவார். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் அன்றே வேலை போகும். இரண்டு வருடத்துக்கு முன்பு புயல் மூன்று மாதக் கர்ப்பம். மதியமானால் வாந்தி. ‘டீ, கொஞ்சம் குடை பிடி’ என்று வாயைப் பொத்திக்கொண்டு, கழிப்பறை வாடை ஆகாததால் கட்டடத்துக்கு வெளியே ஓடுவாள். நிதானம் பிடிப்பாள்.

பிடிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. புயலின் நாற்காலியில் நிதானமாக வேலை பார்க்க முடியாது. பார்த்தால் புயலின் கணக்கில் திடீரென்று ஒரு பள்ளம் விழும், மேலிடத்துக்குச் சந்தேகம் வரும். அதனால் அங்கே உட்கார்ந்தால் அவளும் பதினோரு விநாடிக்காரியாக மாறிவிடுவாள். மூலையில் ஓடும் கடிகாரத்தில் ஒரு கண், பொத்தானில் ஒரு விரல்.

அந்த நீலத் தொப்பி வந்தது நன்றாக நினைவிருந்தது. திரையின் ஓரத்தில் அவருடைய புகாரும் இருந்தது. ‘வீடியோவில் இருப்பது நான். பூட்டு ரிப்பேர் செய்பவன். வீட்டுக்கார அம்மா கூப்பிட்டுத்தான் போனேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.’ படித்தாள். எல்லாத் திருடனும் இதைத்தானே சொல்வான் என்று நினைத்தாள். பொதுமக்களுக்கான எச்சரிக்கைகளை விட்டுவிடலாம் என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. கடிகாரம் பதினொன்றைத் தொட்டது. ‘இருக்கட்டும்’.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் நின்று ஒரு பூட்டு வாங்கினாள். வாசல் கதவில் ஏற்கெனவே இருந்த பூட்டுக்கு மேலே இன்னொன்று. ‘இப்பல்லாம் பட்டப்பகல்ல ஒரு கம்பிய வெச்சே திறந்துடறாங்க, நானே என் கண்ணால பாத்தேன்’ என்று கணவனிடம் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவன், ‘நம்ம வீட்டுக்குள்ள வர்ற திருடன் பாவம், ஏதாவது வெச்சிட்டுத்தான் போவான்’ என்று சிரித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தான்.

அன்று முதல் இன்று காலைவரை தினமும் இரண்டு பூட்டையும் பூட்டிவிட்டுத்தான் இந்த ஆபீஸுக்கு வந்துகொண்டிருக்கிறாள்.

கூட்டம் கலைந்ததும் புயல் அவள் முழங்கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். புயல் இப்போது அதே நாற்காலியில் இருந்தபடியே அந்த வரிசைக்கு மேற்பார்வையும் பார்த்தாள். வயிற்றிலிருந்த பிள்ளை வெளியே வந்து, ஓடி, சுவரெல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்தது.

“மூஞ்சிய மாத்து. பேயறைஞ்ச மாதிரி நிக்காத.”

“நான்தான்டி அமுக்கினேன்.”

“தெரியும். மெதுவாப் பேசு.”

“அவரு பயமா இருக்குன்னு எழுதியிருந்தாரு. படிச்சேன். படிச்சிட்டு அமுக்கினேன்.”

“யாரும் பாக்கலன்னு கம்பெனியே சொல்லுது. நான் வெளிய, நீ சாப்பாட்டுல. நம்மள யாரும் ஒண்ணும் கேக்கல. கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில் சொல்ற?” புயல் சுற்றும் முற்றும் பார்த்தாள். “எனக்கு வீட்டுல குழந்தை இருக்கு. உனக்குத் தெரியாததில்ல.”

நிதானம் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று புயலுக்கு ஐந்து வருடமாகத் தெரியும். விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது பெரிய தண்டனை. இரண்டு பேருக்கும் பென்சில் கடன் கேட்கக்கூட வழியில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கணவனிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

“அடிச்சது நீயா? வீடியோ போட்டது நீயா?” என்றான். “அத்தனை பேர் சேந்து பண்ணதுக்கு நீ ஏன் உன் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கற?”

“என்கிட்ட கேட்டாரு. நேரா என்கிட்டதான் கேட்டாரு. வேற யாருகிட்ட அவரால கேக்க முடியும்?”

“உன்கிட்டன்னு அவருக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியுதே.”

அவன் எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினான். வாங்குகிற எந்தச் சாமானுக்கும் வாரண்டி அட்டையைத் தூக்கிப் போடாத மனிதன் அவன். செத்துப்போன மிக்ஸியின் அட்டைகூட அதில் இருந்தது. கிளறி ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். மேல் பூட்டின் அட்டை. கடை முத்திரை, தேதி எல்லாம் தெளிவாக இருந்தது.

“நீ சொன்னா எவன் நம்புவான்? இதைக் காட்டு” என்றான். பிறகு, “வேலை போனா சண்டை போடுவேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றும் சொன்னான்.

பூட்டுக்காரரின் வக்கீலுக்கு அறை ஒரு ஜெராக்ஸ் கடையின் மேலே. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. வக்கீல் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கம்பெனி வக்கீலிடம் இருந்த மரியாதையில் கால்வாசி இவரிடம் இல்லை.

“ரெண்டு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்றார் எடுத்த எடுப்பில்.

“அவருக்கு என்ன ஆச்சுன்னே தெரியாதும்மா. பொத்தானை அமுக்கினா அடுத்தது வந்துடும். அமுக்கினதுக்கு அப்புறம் வெளிய என்ன நடக்குதுன்னு எங்களுக்குக் காட்ட மாட்டாங்க.”

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. இப்ப விஷயத்தைக் கேளுங்க. கேஸையே தள்ளுபடி பண்ணச் சொல்லி மனு போட்டிருக்காங்க. எந்த மனுஷனும் பாக்கலங்கறதுதான் அவங்களோட ஒரே தூண். நீங்க வந்து பாத்தேன்னு சொன்னா அது விழும். சொல்லலன்னா அடுத்த வாரம் கேஸ் முடிஞ்சுது, அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனா அவங்க சும்மா விட மாட்டாங்க. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல பாக்கறவ, ரெண்டு வருஷம் முன்னாடி பாத்த ஒண்ணு எப்படி ஞாபகம்னு குடைவாங்க. பதில் இருக்கா?”

“இருக்கு.” மஞ்சள் அட்டை கைப்பையில் இருந்தது. அதை எடுக்கவிடாமல் ஏதோ ஒன்று தடுத்தது. “அன்னைக்கு அவரும் அங்க இருப்பாராம்மா?”

“அவரோட கேஸ். அவர் இல்லாம?”

பூட்டு வாங்கிய கதையைச் சொல்லிவிட்டாள். வக்கீல் அம்மா குறிப்பு எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே மெஷின் ஓடியது, டம்ளர் நடுங்கியது.

“நீதிபதிகிட்ட சொல்றது கஷ்டமில்ல, அவர் முன்னாடி சொல்றதுதான் கஷ்டம். இல்லையா?” என்றார் கடைசியில். அவள் தலையாட்டினாள். “அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் வக்கீல் அம்மா.

கோர்ட்டுக்கு முந்தின நாள் மாலை, வேலை முடிந்து கிளம்பும்போது, புயல் தன் நாற்காலியிலிருந்து திரும்பாமலேயே பேசினாள்.

“நாளைக்கு லீவு போட்டிருக்க.”

“ஆமா.”

“சொல்லத்தான் போற.”

“ஆமா. உன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லணும்னுதான் நினைச்சேன். நீ வேண்டாம்னா என்ன பண்றதுன்னு தெரியாம கேக்கல.”

புயல் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த புகார் ஒன்று பதினோரு விநாடியைத் தாண்டி, இருபதைத் தாண்டி, நாற்பதையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“நான் வாந்தி எடுக்கத்தான் போனேன்னு தெளிவாச் சொல்லு” என்றாள். “ஊர் சுத்தப் போயிட்டேன்னு நினைச்சுக்கப் போறாங்க.”

நிதானத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு பையை எடுத்தாள்.

கோர்ட் என்றால் உயரமான கூரையும் பெரிய மேடையுமாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். நாலாவது மாடியில், பள்ளிக்கூட வகுப்பு அளவில் ஓர் அறை அது. நீதிபதிக்கு ஜலதோஷம்; நிமிடத்துக்கொரு முறை மூக்கைத் துடைத்துக்கொண்டார். வலதுபக்கம் கம்பெனி வக்கீலும் அவருக்குத் துணையாக நாலு பேரும். இடதுபக்கம் வக்கீல் அம்மா, அவருக்குப் பின்னால் பூட்டுக்காரர். தொப்பி இல்லை. தலை பாதி நரைத்திருந்தது. வலது கையை இடது கைக்குள் வைத்து மடியில் போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, தான் பொத்தானை அமுக்கி முடிவு சொன்ன ஒருவரின் முகத்தை நிதானம் நேரில் பார்த்தாள். பார்த்ததும் வந்த வழியே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

குடை பிடிப்பதைப் பற்றிச் சொன்னாள். புயல் எதற்கு வெளியே போனாள் என்பதையும் மறக்காமல் சொன்னாள். அந்த நேரத்தில் தன் பெயரில் சாப்பாட்டு இடைவேளை பதிவாகியிருக்கும், ஆனால் தன் வாசல் கார்டு வெளியே போனதாகக் காட்டாது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வக்கீல் அம்மா உட்கார்ந்தார். கம்பெனி வக்கீல் எழுந்தார். குரலில் அதே மரியாதை.

“உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. ஒருத்தருக்கு அடிபட்டுடுச்சு, நாமும் ஏதாவது பண்ணணும்னு தோணும். நல்ல மனசு. ஆனா இங்க நடந்ததை மட்டும்தான் பேசணும். ஒரு நாளைக்கு எத்தனை புகார் பாப்பீங்க?”

“என் நாற்காலியில அறுநூறு.”

“ரெண்டு வருஷத்துல மூணு லட்சம்னு வெச்சுக்கலாமா? மூணு லட்சத்துல இந்த ஒண்ணு, பதினோரு விநாடி பாத்தது, ஞாபகம் இருக்குன்னு சொல்றீங்க. மூணு வாரம் முன்னாடி நானே உங்க எல்லாருக்கும் இந்தப் படத்தைத் திரையில காட்டினேன். அங்க பாத்ததை அன்னைக்குப் பாத்ததா நினைச்சுக்கறீங்கன்னு நான் சொன்னா?”

கெட்டிக்காரர். கேட்டுக்கொண்டிருந்த நீதிபதிகூடத் தலையசைத்தார். பூட்டுக்காரர் இருந்த பக்கம் பார்க்கக் கூடாது என்று நிதானம் நினைத்தாள். நினைத்ததாலேயே பார்த்தாள். அவர் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்தது நம்பிக்கை. கடைசியில் தன் பக்கம் ஒரு ஆள் வந்துவிட்டது என்ற நம்பிக்கை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“அன்னைக்கு நான் நம்பிட்டேன்” என்றாள்.

“என்ன?”

“வீடியோவ நம்பிட்டேன். அவரு எழுதினதைப் படிச்சேன், அதை நம்பல. திருடன்தான்னு முடிவு பண்ணிட்டேன். சாயங்காலமே போய் எங்க வீட்டுக் கதவுக்கு ரெண்டாவது பூட்டு வாங்கினேன். இவருக்குப் பயந்து வாங்கினேன். தேதி இதுல இருக்கு.” கைப்பையைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்தாள். “ரெண்டு வருஷமா தினமும் காலையில அந்தப் பூட்டைப் பூட்டறேன். பூட்டும்போதெல்லாம் நீலத் தொப்பி ஞாபகம் வரும். அதனாலதான் மறக்கல.”

கம்பெனி வக்கீல் உட்கார்ந்தார். அட்டை நீதிபதியின் மேசைக்குப் போனது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த வீடியோ இருக்கா? ஓட்டுங்க” என்றார் நீதிபதி. “எந்த இடத்துல நிறுத்தினீங்கன்னு சொல்லுங்கம்மா.”

ஓட்டினார்கள். கதவு, தொப்பி, கம்பி. ஒன்பது. பத்து. “இங்க” என்றாள் நிதானம்.

“நிறுத்தாதீங்க, ஓடட்டும்” என்றார் நீதிபதி.

பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலாவது விநாடியில் படத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். ஒரு கையில் மளிகைப் பை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். பாட்டிலை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்துவிட்டு ஏதோ சொல்ல, அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். வீடியோ முடிந்தது.

முழுசாகப் பார்த்திருந்தால் சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். தன் நாற்காலியில் இருந்திருந்தால் முழுசாகத்தான் பார்த்திருப்பாள். மூன்று விநாடி. சாட்சிக் கூண்டின் மரச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதியத்துக்குமேல் நீதிபதி முடிவைச் சொன்னார். புகாரை ஒரு மனிதர் பார்த்திருக்கிறார், படித்திருக்கிறார், முடிவெடுத்திருக்கிறார், யாரும் அறியவில்லை என்று கம்பெனி சொல்வதை ஏற்க முடியாது, தள்ளுபடி மனு நிராகரிக்கப்படுகிறது, வழக்கு நடக்கட்டும். இவ்வளவையும் சொல்வதற்குள் மூன்று முறை தும்மினார். கம்பெனி வக்கீல் காகிதங்களை அடுக்கினார். போகும்போது அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுத்தான் போனார்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்து போனைத் திறந்தபோது புயலின் செய்தி காத்திருந்தது. ‘கார்டு வேலை செய்யல. வாசல்லயே நிறுத்திட்டாங்க. வாந்தின்னு சொன்னியா?’

‘சொன்னேன்’ என்று அடித்து அனுப்பினாள்.

நிமிர்ந்தால் எதிரே பூட்டுக்காரர். இடது கக்கத்தில் தடியான ஒரு கோப்பு. திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“மேல போட்ட பூட்டு என்ன பூட்டு?” என்று கேட்டார்.

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. “கீழ இருக்கறதேதான். அதே கம்பெனி.”

“ரெண்டும் ஒரே கம்பெனியா இருந்தா பிரயோஜனமில்ல. ஒரே கம்பி போதும். கீழ ஒரு நிமிஷம், மேல அரை நிமிஷம்.” பழக்கத்தில் வருகிற பேச்சு அது, இருபது வருடமாக எத்தனை வாசலில் சொல்லியிருப்பாரோ. “மேல வேற கம்பெனியா மாத்திடுங்க.”

“சரிங்க” என்றாள். அதற்கு மேல் தாங்கவில்லை, கண்ணில் நீர் கொட்டியது. “என்னை மன்னிச்சிடுங்க…”

“அதை இன்னொரு நாள் சொல்லுங்க” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அசதி இருந்தது. “இன்னைக்குக் கேட்டுக்கற நிலைமையில நான் இல்ல. நீங்க வந்ததுக்கு நன்றி. அது வேற, இது வேற.”

தாழ்வாரத்தின் கோடியில் படிக்கட்டுக்குப் போகிற கதவு. உருண்டையான பித்தளைக் கைப்பிடி. அவர் போய்ப் பழக்கதோஷத்தில் வலது கையை அதன்மேல் வைத்தார். இரண்டு விரல் பிடித்தது, மூன்று விரல் நீட்டியபடியே நின்றது. கைப்பிடி வழுக்கியது. நிதானம் ஓடினாள். எதற்கும் ஓடாதவள் ஓடினாள்.

“விடுங்க. நானே திறந்துக்கறேன்.”

அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அவர் கோப்பை இடது கக்கத்திலிருந்து எடுத்து வலது கக்கத்துக்கு மாற்றினார். அது நழுவியது, சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். பிறகு இடது கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்து, ஒருமுறை தவறவிட்டு, மறுபடி பிடித்துத் திருகினார். பதினோரு விநாடிக்கு மேலேயே ஆயிற்று. அவள் கண்ணை எடுக்காமல், கதவு திறந்து அவர் வெளியே போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.